மீன் வண்டியில் போன ஏழு கீரை

ஓபராட், பிராங்க்பர்ட்
3 செப்டம்பர் 1964

என் அக்காள் பெற்ற ஒரே செல்வமாகிய ரோஸ்விதாவுக்கு, முப்பத்தோரு வருடம் டிராமில் சீட்டுக் கிழித்தும் ஒருவரிடம்கூடச் சில்லறை பாக்கி வைக்காத உன் மாமன் குனிபெர்ட் எழுதுவது.

இங்கே நான் சுகம். என் இடது முட்டி மட்டும் மழைக்கு இரண்டு நாள் முன்னதாகவே அறிக்கை விடுகிறது. வானொலிக்காரர்கள் அதைக் கேட்டுத்தான் வானிலை வாசிக்கிறார்கள் என்று தெருவில் பேச்சு. உன் உடம்பு எப்படி? அந்த நோர்டர்னித் தீவில் மூச்சுவிடக் காற்று போதுமா, இல்லை மிச்சமா?

நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிப் பதினெட்டு நாள் ஆகிறது. உன் அம்மா உன் பெயரைச் சொல்வதில்லை. கீரைத் தோட்டத்தில் குனிந்தால் நிமிர்வதில்லை. தப்பு என்னுடையது என்று ஊரே சொல்கிறது. தோட்டக்காரர் விழாக் குலுக்கலில் நான் அந்த ஃப்ரீசரை ஜெயிக்காமல் இருந்திருந்தால், "மிஞ்சுன கீரைய உறைய வெச்சு குளிர்காலத்துல விக்கலாம்மா" என்று நீ சொல்லியிருக்க மாட்டாய். "உறைஞ்ச கீரை செத்த கீரை. இந்த வால்புர்கா கடையில பிணம் விக்கிறதில்ல" என்று அவளும் சொல்லியிருக்க மாட்டாள். நடுவில் நான் சிரித்திருக்கவும் மாட்டேன்.

ஃப்ரீசர் என் நிலவறையில் வெறுமையாக உறுமிக்கொண்டிருக்கிறது. ஒரு காண்டாமிருகத்தைப் படுக்க வைக்கலாம். இப்போதைக்கு அதில் ஒரு வெண்ணெய்க் கட்டியும் என் கோடைத் தொப்பியும் இருக்கின்றன.

சாப்பாட்டில் குறை வைக்காதே.
மாமா

*

நோர்டர்னி
14 செப்டம்பர் 1964

அன்புள்ள மாமாவுக்கு,

நான் சுகம். காற்று மிச்சம்தான், துணி காயப்போட்டால் டென்மார்க்கில்தான் எடுக்க வேண்டும். உங்கள் முட்டிக்குச் சூடு ஒற்றடம் கொடுங்கள். அம்மாவின் முதுகு எப்படி இருக்கிறது? நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம்.

வயதான மாலுமிகள் இல்லத்தில் சமையல்காரியாகச் சேர்ந்துவிட்டேன். நாற்பது கிழவர்கள். எனக்கு முன்னால் இருந்தவள் பன்னிரண்டு வருடம் சாம்பல் நிறத்தில் மட்டுமே சமைத்திருக்கிறாள்: சாம்பல் மீன், சாம்பல் உருளைக்கிழங்கு, சாம்பல் சூப். போன வாரம் சந்தையில் கிடைத்த இரண்டு மூன்று கீரையை வாங்கி, ஏழு கீரை சேர வேண்டிய நம் பச்சை சாஸைப் பேருக்குச் செய்து வைத்தேன். டீடரிஷ் என்கிற பழைய கப்பல் மேஸ்திரி தட்டைப் பார்த்துவிட்டு, "பாப்பா, எங்கள கரையேத்துனாங்க சரி. மேய விடுவாங்கன்னு யாரும் சொல்லலையே" என்றார். பிறகு மூன்று தட்டு சாப்பிட்டார்.

வேலை இன்னும் நிரந்தரம் இல்லை. பிப்ரவரி கடைசியில் நிர்வாகக் குழு வந்து சாப்பிட்டுப் பார்த்துத்தான் முடிவு சொல்லும். அதற்கு நான் பச்சை சாஸ்தான் வைக்கப்போகிறேன் என்று மேலாளர் ஹார்ம்ஸிடம் வாய்விட்டுவிட்டேன். "பிப்ரவரியிலயா? இந்தத் தீவுல பிப்ரவரியில படகுக்கு அடியில பாசிகூட இருக்காது" என்றார். அந்தப் பேச்சில் ரோஷம் வந்துவிட்டது.

மாமா, முதல் உறைபனி விழுவதற்குள் உங்கள் ஃப்ரீசரில் ஏழு கீரையும் கொஞ்சம் உறைய வைத்து அனுப்ப முடியுமா? இங்கேயும் ஃப்ரீசர் இருக்கிறது. போட்டு வைக்கப் பச்சைதான் இல்லை. தோற்றால் பெட்டியோடு திரும்பி வர வேண்டும். அம்மா ஒன்றும் சொல்லமாட்டாள். பார்ப்பாள். அது போதும் எனக்கு.

அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். குளிரில் நிலவறைக்குப் போகும்போது கம்பளிக் காலுறை போடுங்கள்.
ரோஸி

*

ஓபராட்
27 செப்டம்பர் 1964

வடகடலின் சமையல் தளபதிக்கு மாமனின் வீர வணக்கம்.

முட்டி சுகம். மனசுதான் ரணம். காரணம் கீழே.

உன் கடிதம் வந்த மறுநாளே வேலையில் இறங்கினேன். ஓபராட்டில் பிறந்தவன் ஏழு கீரையை எப்படித் தொடுவான்? தாத்தன் பாட்டன் எப்படிக் கட்டினார்களோ அப்படி. போரேஜ், செர்வில், கிரெஸ், பார்ஸ்லி, பிம்பினெல், புளிக்கீரை, ஊசி வெங்காயத்தாள், ஏழும் வெள்ளைத்தாளில் ஒரே சுருளாக. ஏழைப் பிரித்தால் பாவம் என்றுதானே நமக்கு ஞானஸ்நானத்தோடு சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அப்படியே நாற்பது சுருள் வாங்கி, தண்ணீர் சொட்டச் சொட்டக் கழுவி, தாளோடு அடுக்கினேன். சந்தையிலிருந்த மற்ற கடைக்காரர்கள் எனக்குக் கல்யாணம் என்று நினைத்து வாழ்த்தினார்கள்.

நாலு நாள் கழித்து ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தேன். முதலில் அது பீரங்கிக் குண்டு. ஒரு மணி நேரத்தில் அது தவளைக் குளம். போரேஜ் இலையின் ரோமமெல்லாம் கொழகொழவென்று மற்ற ஆறையும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதது. தாள் கரைந்து கீரையோடு ஒன்றானது. அதையும் ருசி பார்த்தேன், கடமை தவறாதவன். நாளிதழின் அச்சு மை வாசம் இருந்தால் ஒரு தலையங்கம் என்றே சொல்லலாம்.

அந்த நேரம் பார்த்து உன் அம்மா ஏணி கேட்டு வந்தாள். மேஜையைப் பார்த்தாள். "என்ன குனிபெர்ட், சவக்கிடங்கு ஆரம்பிச்சாச்சா?" என்றாள். "ஆராய்ச்சி" என்றேன். "யாருக்கு?" என்றாள். "விஞ்ஞானத்துக்கு." ஏணியை எடுக்காமலே போய்விட்டாள்.

வழி சொல். தொண்டைக்குச் சால்வை சுற்றிக்கொள்.
மாமா

*

நோர்டர்னி
5 அக்டோபர் 1964

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டு அறையில் வாசித்துக் காட்டினேன். டீடரிஷுக்குப் புரையேறி முதுகில் தட்ட வேண்டியிருந்தது. மற்றபடி எல்லாரும் சுகம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

பாவத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன், ஏழையும் பிரியுங்கள். கழுவியதைத் துணியில் பரப்பி, ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் உலர்த்துங்கள். அவசரப்பட்டால் மறுபடியும் குளம்தான். வெங்காயத்தாளைப் பொடியாக நறுக்கித் தட்டில் பரப்பி உறைய வைத்து, பிறகு டப்பாவில் போடுங்கள், அப்போது ஒட்டாது. பார்ஸ்லியை நறுக்கவே வேண்டாம், கொத்தாகப் பையில் போடுங்கள். உறைந்ததும் பையோடு கையால் நொறுக்கினால் தூளாகிவிடும். கிரெஸ், செர்வில், பிம்பினெல் மூன்றும் நறுக்கி, மெல்லிய பலகை மாதிரி தட்டையாக. புளிக்கீரைக்குக் காம்பு எடுக்க வேண்டும். போரேஜை மட்டும் அரைத்த மாதிரி நறுக்கி, ஐஸ் கட்டித் தட்டில் கொஞ்சம் தண்ணீர் விட்டு உறைய வையுங்கள், தனியாக அழட்டும்.

நறுக்குவது மெல்லியதாக இருக்க வேண்டும் மாமா. குழுவில் ஒரு அம்மாளுக்குப் பல் கட்டியிருக்கிறது என்று ஹார்ம்ஸ் சொன்னார்.

உறைபனி எப்போது விழும் என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். நீங்கள் உங்கள் முட்டியைக் கேளுங்கள்.
ரோஸி

*

ஓபராட்
25 அக்டோபர் 1964

உறைகீரைச் சாம்ராஜ்யத்தின் பட்டத்து இளவரசிக்கு,

சுகம், சுகம், மூன்றாம் முறையும் சுகம். வெற்றி பெற்றவனுக்கு நோய் ஏது. நீ இருமாமல் இருக்கிறாயா?

நேற்று முதல் உறைபனி விழுந்தது. அதற்கு மூன்று நாள் முன்னால் என் வீட்டு வாசலில் ஒரு அதிசயம். காலையில் கதவைத் திறந்தால் ஆறு கூடைக் கீரை. யார் வைத்தது, தெரியாது. ஒரு வேளை கீரைகளே என் புகழைக் கேள்விப்பட்டு நடந்து வந்திருக்கலாம். கூடைகளை நான் விசாரிக்கவில்லை. பரிசு வந்தால் பல்லை எண்ணாதே என்பது என் கொள்கை.

இரண்டு பகல் நறுக்கினேன். கத்தி அடித்த வேகத்தில் பக்கத்துத் தெருவில் ரயில் போகிறது என்று நினைத்து ரயில்வே கேட்டை மூடினார்கள். ஊர்ப் படுக்கை விரிப்பெல்லாம் என் மாடியில் கீரை உலர்த்தப் போனதால், ஓபராட்டில் அன்று யாரும் தூங்கவில்லை. இப்போது என் நிலவறையில் ஒரு பனிப்பிரதேசம், தலைநகரம் வெங்காயத்தாள்.

அனுப்பும் வழியும் கண்டுபிடித்துவிட்டேன். உன் தீவுக்குப் படகு கிளம்பும் நோர்ட்டைக் துறையிலிருந்து நம் சந்தைக்கு மீன் ஏற்றி வரும் குளிர்வண்டி, திரும்பும்போது காலியாகத்தானே போகிறது? ஐஸ் இன்னும் அடியில் கிடக்கும். வண்டிக்காரர் ஃபிம்மென் என் பழைய டிராம் பயணி, ஒரு புட்டி ஆப்பிள் ஒயினுக்கு இமயமலையையும் ஏற்றிக்கொள்வார். டப்பாக்களின் மூடியை மெழுகு வைத்து ஒட்டியிருக்கிறேன். ஆனாலும் ஹெர்ரிங் வாசம் லேசாக வந்தால் அதைக் கடல்கடந்த மரியாதை என்று எடுத்துக்கொள்.

இது பாதிதான். மீதி டிசம்பரில்.
மாமா

*

நோர்டர்னி
12 நவம்பர் 1964

அன்புள்ள மாமாவுக்கு,

டப்பாக்கள் கல்லாகவே வந்து சேர்ந்தன. ஃபிம்மெனுக்கு என் நன்றி. நான் சுகம், கையில் ஒரு சின்னத் தீக்காயம், ஆறிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஒரு சோதனைச் சாஸ் செய்தேன். புளித்த பாலாடையில் உறைந்த கீரையை அப்படியே கொட்டி, கலக்கி, உடனே பரிமாறினேன். நிறம் அப்படியே, ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழனன்று நம் வீட்டில் வைக்கும் சாஸின் நிறம். செர்வில் வாசம் பாதி போய்விட்டது, அது என் தப்பில்லை. டீடரிஷ், "நவம்பர்ல ஈஸ்டர் வந்துடுச்சு, பாவ மன்னிப்பு கேக்கவே நேரம் கொடுக்கல" என்றார். ஹார்ம்ஸ் தட்டை ரொட்டியால் துடைத்தார்.

மாமா, ஒன்று கேட்கவா? நீங்கள் வெங்காயம் நறுக்கினால் நாலு துண்டு வரும். ஐந்தாவது துண்டு வந்தால் அது உங்கள் நகம். இந்த வெங்காயத்தாள் தூசி மாதிரி இருக்கிறது, எல்லாம் ஒரே அளவு. பிம்பினெல்லின் நடுக்காம்பை ஒவ்வொன்றாக உருவியிருக்கிறீர்கள். அதைச் செய்யச் சொல்லி நான் எழுதவில்லை. ஓபராட்டில் அப்படி உருவுகிற ஆள் ஒருத்திதான்.

யார் நறுக்கியது?
ரோஸி

*

ஓபராட்
30 நவம்பர் 1964

சந்தேகப் பிராணிக்கு,

சுகம். உன் தீக்காயத்துக்கு வெண்ணெய் தடவாதே, அதெல்லாம் பழைய வைத்தியம்.

யார் நறுக்கியது என்றா கேட்டாய்? முப்பத்தோரு வருடம் ஓடுகிற டிராமில் ஆடாமல் நின்று சீட்டில் துளை போட்ட கை இது. அந்தக் கைக்கு ஒரு பிம்பினெல் எம்மாத்திரம். காம்பை உருவியது என் தனிப்பட்ட கலையுணர்ச்சி. இதற்கு மேல் கேட்டால் என் சாட்சியம் மௌனம்.

ஊர்ச் செய்தி: உன் அம்மா இப்போதெல்லாம் தினமும் ஏணி கேட்டு வருகிறாள். ஏணி எங்கே இருக்கிறது என்று நானும் சொல்வதில்லை, அவளும் தேடுவதில்லை. நேராக நிலவறைக்குப் போய் ஃப்ரீசரின் வெப்பமானியைப் பார்க்கிறாள். "மைனஸ் பதினெட்டுக்குக் கீழதான் இருக்கா?" என்கிறாள். "எதுக்கு அக்கா?" என்றால், "கேள்வி கேட்டா தப்பா? பெட்டி கெட்டுப்போனா உன் தொப்பி கெட்டுடும்ல" என்கிறாள். நேற்று, "அந்தத் தீவுப் பக்கம் ஈரம் ஜாஸ்தியாமே" என்றாள். யாரைப் பற்றி என்று சொல்லவில்லை. அந்தத் தீவைப் பற்றி என்று வைத்துக்கொண்டேன்.

என் சீட்டாட்ட நண்பர்கள் ஐந்து பேர் சனிக்கிழமைதோறும் வருகிறார்கள். ஒன்றும் விசேஷமில்லை. டிசம்பர்ச் சரக்கு வருகிறது, முன்பைவிடக் கொஞ்சம் சின்ன மூட்டையாக இருந்தால் ஆச்சரியப்படாதே.

போர்வையை நன்றாகப் போர்த்திக்கொள்.
மாமா

*

நோர்டர்னி
19 ஜனவரி 1965

அன்புள்ள மாமாவுக்கு,

கிறிஸ்துமஸுக்கு வெறும் அட்டை அனுப்பியதற்கு மன்னியுங்கள். உடம்பு சுகம். எழுத நல்ல சேதி வரும் என்று காத்திருந்தேன். வந்தது வேறு.

எட்டாம் தேதி மேற்கிலிருந்து புயல். தீவு முழுக்க மின்சாரம் போயிற்று, இரண்டரை நாள். வெளியே பனியாவது கொட்டியிருந்தால் டப்பாக்களைப் புதைத்திருப்பேன். மழை. வெதுவெதுப்பான, சொதசொத மழை. கிழவர்கள் தங்கள் கம்பளிகளைக் கொண்டுவந்து ஃப்ரீசரைச் சுற்றிக் கட்டினார்கள். டீடரிஷ் அதன் மேலேயே உட்கார்ந்து, "கப்பல் மூழ்கினாலும் சரக்க விடக்கூடாது" என்று காவல் இருந்தார். மூன்றாம் நாள் திறந்தேன். டிசம்பரில் வந்த மூட்டையும் சேர்த்து, நீங்கள் சொன்ன தவளைக் குளம், ஏழு நிறத்தில். அத்தனையையும் அன்றே சூப்பில் போட்டேன். அது சாம்பல் நிறம் ஆகிவிட்டது.

குழு பிப்ரவரி 26 வருகிறது. உங்களிடம் மிச்சம் ஏதாவது இருக்கிறதா? இல்லை என்றால் இல்லை என்று எழுதிவிடுங்கள். மீன் சமைக்கிறேன், பார்த்துக்கொள்ளலாம். பெட்டியையும் மேலே இருந்து இறக்கி வைத்திருக்கிறேன், துடைப்பதற்காக.

குளிரில் வெளியே போகாதீர்கள்.
ரோஸி

*

ஓபராட்
27 ஜனவரி 1965

அன்பு ரோஸிக்கு,

முட்டி சுகம். மற்றதெல்லாம் அசுகம். இந்தக் கடிதத்தில் அலங்காரம் குறைவாக இருக்கும், பொறுத்துக்கொள்.

மிச்சம் இல்லை. நான் தின்றுவிட்டேன். நானும் சீட்டாட்டக்காரர்களும். நவம்பரில் ஒருநாள் பெருமை பேசினேன், "காட்டு பார்க்கலாம்" என்றார்கள், காட்டினேன். அடுத்த சனிக்கிழமையும் காட்டச் சொன்னார்கள். என் சாம்ராஜ்யத்தில் இப்போது பார்ஸ்லி மட்டும் அரைப் பை இருக்கிறது. தொப்பியும்.

உன் கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். உன் அம்மா ஏணிக்கு வந்தாள். நிலவறைக்குப் போனாள், வந்தாள்.

"மீதி எங்க?"

"பயணத்துல இருக்கு அக்கா."

"உன் வயித்துக்கா?"

அவள் கடிதத்தை எடுத்தாள். நின்றபடி வாசித்தாள். பிறகு உட்கார்ந்து மறுபடி வாசித்தாள். மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போனாள். திட்டாமல் போனதுதான் எனக்குப் பயம்.

முக்கால் மணி நேரத்தில் கசாப்புக்காரர் டோட்ஷின் தள்ளுவண்டியோடு வந்தாள். அதில் ஏழு டப்பா. ஒவ்வொன்றிலும் அவள் கையெழுத்தில் பெயரும் தேதியும். அக்டோபரிலேயே அவருடைய குளிர் அறையில் பூட்டி வைத்திருக்கிறாள். "உன்ன நம்பி நாப்பது பேரு சாப்பாட்ட விட்டுட்டு உக்காந்திருப்பேன்னு நெனச்சியா?" என்றாள்.

உனக்குப் பதில் பாக்கி இருக்கிறது. நறுக்கியது அவள்தான். இரண்டு பகலும் உன் அக்டோபர் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவள்தான். கூடைகளும் அவளுடையவை. உன்னிடம் சொன்னால் இனி கீரையைத் தொடமாட்டேன் என்று மிரட்டி என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். நான் விரிப்பு பிடித்தேன். அது மட்டும் உண்மை.

மாமா

*

ஓபராட்
8 பிப்ரவரி 1965

ரோஸ்விதா,

நான் சுகம். முதுகு அப்படியே. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

ஏழு டப்பாவையும் மீன் வண்டியில் அனுப்ப முடியாது, ஃபிம்மெனுக்குக் காய்ச்சல். உன் மாமனிடம் கொடுத்தால் வழியில் தின்றுவிடுவான். 24ஆம் தேதி நானே கொண்டு வருகிறேன். நான் இல்லாத நாளில், நாற்று வளரும் கண்ணாடிக் குடிலின் அடுப்புக்கு அவன் கரி அள்ளிப் போடட்டும்.

ஆகஸ்டில் பேசியதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை. கையால் முடிந்ததைச் செய்திருக்கிறேன்.

படகுத்துறைக்கு வராதே. அடுப்பைப் பார்.
அம்மா

*

நோர்டர்னி
28 பிப்ரவரி 1965

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். அம்மாவுக்கு ஜலதோஷம், அதன் கதையைக் கேளுங்கள்.

டப்பா உருகக்கூடாது என்று பிராங்க்பர்ட்டிலிருந்து நோர்ட்டைக் வரை ரயில் ஜன்னலைத் திறந்தே வைத்திருக்கிறாள். பிப்ரவரியில். ஒவ்வொரு நிலையத்திலும் ஆட்கள் ஏறி, பல் கிட்டி, அடுத்த பெட்டிக்கு ஓடியிருக்கிறார்கள். டிக்கெட் பரிசோதகர் வந்து, "அம்மா, ஜன்னல மூடுங்க, செத்துருவீங்க" என்றாராம். "நான் செத்தா என் மக அழுவா. கீரை செத்தா என் மக தோத்துடுவா. நீங்க போய் அடுத்த பெட்டியப் பாருங்க" என்றாளாம். இதைப் பரிசோதகரே படகுத்துறையில் என்னிடம் சொன்னார். மூட்டையைத் தூக்க அவரும் கூட வந்திருந்தார். நான் துறைக்குப் போகாமல் இருப்பேனா? அம்மாவின் உதடு நீலம். டப்பா ஏழும் கல்.

வெள்ளிக்கிழமை சமையலறையில் அவள் மூலையில் நின்றாள். உறைந்த கீரையை நான் எடுத்ததும், "முதல்ல கரைய விடு" என்றாள். "கரைஞ்சா தண்ணி விடும்மா. அப்படியே போடணும்" என்றேன். என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைதான் என்று பயந்து கை நின்றுவிட்டது. அவள் கரண்டியை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

குழுவில் ஐந்து பேர். பல் கட்டிய அம்மாள் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். தலைவர், வெளியே பனி பெய்வதையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இது எங்க இருந்து வந்துச்சு?" என்றார். நான் அம்மாவைக் காட்டினேன். அவள் என்னைக் காட்டினாள். டீடரிஷ் கதவுக்குப் பின்னால் இருந்து, "ரெண்டு பேரையும் வெச்சுக்கங்க சார், அப்புறம் எங்களுக்குப் பழைய சாம்பல் வேண்டாம்" என்று குரல் கொடுத்தார். ஹார்ம்ஸ் சாயங்காலம் கடிதம் கொண்டுவந்து தந்தார். வேலை நிரந்தரம்.

எல்லாரும் போன பிறகுதான் அம்மா ஒரு தட்டு எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மெதுவாகச் சாப்பிட்டாள்.

"புதுசு மாதிரி இல்ல" என்றாள்.

"இல்லம்மா."

"செர்வில் போயிடுச்சு."

"பாதி."

இன்னொரு கிழங்கை உடைத்து சாஸில் புரட்டினாள். "நவம்பர்லேருந்து ஈஸ்டர் வரைக்கும் நாப்பது பேருக்கு எவ்வளவு வேணும்?" என்றாள். நான் சொன்னேன். ஹார்ம்ஸின் பென்சிலை வாங்கி, கடிதத்தின் பின்பக்கத்திலேயே பாத்தி பாத்தியாகக் கோடு போட்டுப் பார்த்தாள். "போரேஜுக்கு ரெண்டு பாத்தி கூடப் போடணும். செர்வில் மூணு." பிறகு தலை நிமிராமலே, "தனியா நறுக்க என்னால ஆகாது. செப்டம்பர்ல ரெண்டு வாரம் லீவு குடுப்பாங்களான்னு கேளு" என்றாள்.

கேட்டுவிட்டேன். கொடுப்பார்கள்.

அம்மா இன்னும் ஒரு வாரம் இங்கே இருப்பாள். கரி அள்ளும்போது முதுகை வளைக்காமல் முட்டியை மடக்குங்கள் மாமா.

உங்கள்
ரோஸி